காலைக் கொடுங்க, ஆத்தா!

தை மாதத்து இரவு, மணி ஒன்பதரை. திருப்பத்தூரில் சிங்கம்புணரி போகும் சாலை ஓரம், சாத்திக் கிடக்கும் ஒரு கடைத் திண்ணையில் பதினைந்து இருபது பேர் காலை நீட்டிக் கிடக்கிறார்கள். எல்லோரும் பழனிக்கு நடப்பவர்கள். பச்சைச் சேலை கட்டிய ஒரு பாட்டி மட்டும் உட்கார்ந்திருக்கிறார், காலைச் சேலைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு. எதிரே ஒரு பையன். பகலில் டூவீலர் மெக்கானிக். உள்ளங்கை ரேகைக்குள் கிரீஸ் கறுப்பு இன்னும் போகவில்லை. பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெய்.

“காலைக் கொடுங்க ஆத்தா.”

“வேணாம் சாமி. நீ எங் காலைத் தொடலாமா? பாவம்யா.”

“பழனிக்குப் போற காலு ஆத்தா. கொடுங்க.”

பாட்டி கொடுக்கவில்லை. பையன் மூன்றாவது தடவை கேட்கவும் இல்லை. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் போனது. சேலைக்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் மெல்ல வெளியே வந்தது.

அந்தத் தயக்கத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வீட்டில் கால் பிடித்துவிடுவது எப்படி என்று மட்டும் சொல்வதென்றால் ஒரு பக்கம் போதும். அதையும் சொல்கிறேன், முழுதாகவே சொல்கிறேன். ஆனால் எண்ணெயைவிட, அமுக்குகிற முறையைவிட, காலைக் கொடுப்பதுதான் நமக்குப் பெரும்பாடு. (நான் சொல்வது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். வடக்கே இருக்கும் திருப்பத்தூர் 2019-இல் தனி மாவட்டமான பிறகு, எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே “வேலூர்ப் பக்கமா?” என்று கேட்கிறார்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்ட ஊர் என்று சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது.)

தமிழில் ‘காலைப் பிடிக்கிறான்’ என்றால் மானத்தை விட்டுவிட்டான் என்று பொருள். வேலைக்காக, கடனுக்காக, மாட்டிக்கொண்ட தப்புக்காக யாரோ யார் காலையோ பிடிக்கிறார்கள். அதோடு ஒரு ‘விடு’வைச் சேருங்கள். ‘காலைப் பிடித்துவிடுகிறான்.’ உடனே எண்ணெய் வாசம் வந்துவிடுகிறது. ஆனால் நம் வீடுகளில் இந்த இரண்டாவதிலும் முதலாவதன் வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. சின்னவர் பெரியவருக்குப் பிடித்துவிடலாம். மனைவி கணவனுக்கு, மருமகள் மாமியாருக்கு, வேலையாள் முதலாளிக்கு. கால் பிடிக்கவென்றே ஆள் வைத்திருந்த பெரிய வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. மேலேயிருந்து கீழே யாரும் யாருக்கும் பிடித்துவிட்டதாகக் கேள்வியில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அப்பத்தா பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொள்ளும். “ஏறி மிதிடா.” எனக்கு ஆறு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு தொடையிலிருந்து குதிகால் வரை நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். முழங்கால் மடக்கில் மட்டும் மிதிக்கக் கூடாது. அது கண்டிப்பு. கூலி பத்துப் பைசா. பத்து வயதில் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. “நீ பெருத்துட்டே. தம்பிய வரச்சொல்லு.”

ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு அப்பத்தாவின் காலை அம்மா பிடித்துவிடுவார். அம்மாவின் காலை யார் பிடித்துவிட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவரும் இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு கெண்டைக்காலிலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார். காலையில் அந்தத் துணி கொடியில் தொங்கும். அது எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இரண்டு லட்சம் அடி

தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு வாரம் எங்கள் பக்கத்துச் சாலைகள் நடக்கிறவர்களுக்குத்தான். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும். உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பக்கம் போன குமரப்பன் என்ற செட்டியாரிடமிருந்து தொடங்கிய வழக்கம், நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது நகரத்தார் சொல்லிவரும் வரலாறு. அவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். காவடி எடுத்த நகரத்தார் திரும்பியும் நடந்தே வருவார்கள்.

காரைக்குடியிலிருந்து பழனி கிட்டத்தட்ட நூற்றறுபது கிலோமீட்டர். ஓர் அடிக்கு முக்கால் மீட்டர் என்று கணக்கு வைத்தால், ஒரு வழிக்கே இரண்டு லட்சம் அடிக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டுக்கும் சேர்த்து 52. உடம்பில் இருக்கும் 206-இல் கால் பங்கு எலும்பு பாதத்தில்தான் இருக்கிறது. அத்தனை மூட்டும் வெறுங்காலோடு தார் ரோட்டில் விடாமல் அடி வாங்கினால் மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று நடந்தவர்களைக் கேளுங்கள். முதல் நாள் கொப்புளம். இரண்டாம் நாள் கொப்புளம் உடையும். மூன்றாம் நாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும்.

ஆகவே வழிநெடுக அன்னதானம் எப்படியோ அப்படியே எண்ணெய் தேய்ப்பும். கல்லூரிப் பையன்கள், மில் வேலைக்காரர்கள், கடைக்காரர்கள், ஊருக்கு லீவில் வந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து யார் காலை வேண்டுமானாலும் பிடித்துவிடுவார்கள். எந்தத் தெரு, எந்த ஆள், என்ன வயது என்ற கேள்வி அந்த ஒரு வாரம் கிடையாது. எல்லாரும் ‘சாமி’தான். எட்டாம் நாள் எல்லாரும் அவரவர் படிக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை மறைத்து அழகாக எழுத விருப்பமில்லை.

கை என்ன செய்ய வேண்டும்

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உள்ளிட்ட ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு மூன்று போதும்: பிடித்தல், அழுத்தல், அசைத்தல். முறுக்குகிற வேலையெல்லாம் படித்தவர்களிடம் விட்டுவிடுங்கள். வர்மப் புள்ளிகளும் அப்படித்தான். கைபேசியில் பார்த்துவிட்டு அடுத்தவர் காலில் தேடக் கூடாது.

முதலில் இடம். படுக்கிறவருக்கு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. முழங்கால் லேசாக மடங்கியிருந்தால்தான் சதை தளரும். பிடித்துவிடுகிறவர் ஒரு முக்காலியோ மணையோ போட்டு உட்கார வேண்டும். தரையில் குனிந்தபடி பத்து நிமிஷம் அமுக்கினால், முடியும்போது உங்கள் முதுகைப் பிடிக்க இன்னொரு ஆள் தேவைப்படும்.

பிறகு தண்ணீர். ஓர் அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு. கால் வைக்கிறவர் சூடு பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் போதும். எடுத்ததும் துண்டால் துடையுங்கள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துடைக்க வேண்டும். சேற்றுப்புண் வருவதே அந்த ஈரத்தில்தான்.

எண்ணெய் எது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி. நல்லெண்ணெய்க் கட்சி, விளக்கெண்ணெய்க் கட்சி. விளக்கெண்ணெய் தனியாக என்றால் கை ஓடாது, பிசுக்கென்று பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெயில் நாலில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்தால் பித்தவெடிப்புக்கும் ஆகும், கையும் வழுக்கும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்க்கும் ஆதரவு உண்டு. அப்படிச் செய்கிறவர்கள் அடுப்பை அணைத்து எண்ணெயை இறக்கிய பிறகுதான் கற்பூரத்தைப் போட வேண்டும். அந்த எண்ணெய் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பே வந்துவிடும்.

எண்ணெயை நேராகக் காலில் ஊற்றாதீர்கள். உங்கள் உள்ளங்கையில் ஊற்றி, தேய்த்து, சூடு வந்த பிறகு இரண்டு கையாலும் பாதத்தை மேலும் கீழுமாகப் பொத்திப் பிடியுங்கள். அமுக்க வேண்டாம், வெறுமனே பிடித்திருங்கள். கூச்சமுள்ள காலாக இருந்தால் இந்த இடத்தில்தான் கூச்சம் அடங்கும். விரல் நுனியால் தடவினால் கிச்சுகிச்சு, முழுக் கையால் பிடித்தால் கிடையாது.

அடுத்து கரண்டைக்கால். ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் பாதத்தைப் பிடித்து மெதுவாக வட்டமாக அசையுங்கள். இந்தப் பக்கம் ஐந்து சுற்று, அந்தப் பக்கம் ஐந்து சுற்று. அப்புறம் உள்ளங்கால். இரண்டு கட்டைவிரலையும் குதிகாலில் வைத்து விரல்கள் வரை அழுத்தியபடியே ஏறி வாருங்கள். நடுவில் வளைந்த இடத்தில் ஒரு கெட்டியான பட்டை தட்டுப்படும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிறது என்பார்களே, பெரும்பாலும் அந்தப் பட்டை செய்கிற வேலைதான் அது. அதன்மேல் மெதுவாக, நீளவாக்கில் இழுத்துவிட வேண்டும். குதிகாலுக்கு மட்டும் பயப்படாமல் பலம் கொடுக்கலாம். மாவு பிசைகிற மாதிரி முஷ்டியால் அழுத்தினாலும் தாங்கும்.

விரல்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து நுனிக்கு உருவிவிடுங்கள். சொடக்கு எடுப்பது வேண்டுமா என்று கேட்பீர்கள். தானாக வந்தால் வரட்டும். சத்தம் வரவேண்டும் என்று இழுக்காதீர்கள். எங்கள் அப்பத்தாவுக்கு சத்தம் வராவிட்டால் பத்துப் பைசா கிடையாது, அது வேறு விஷயம்.

கடைசியாகக் கெண்டைக்கால். கெண்டை மீன் மாதிரி நடுவில் புடைத்து இருபுறமும் ஒடுங்கியிருப்பதால் வந்த பெயர் என்றுதான் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள், பிடித்துப் பார்த்தால் சரி என்றே படுகிறது. இங்கே கை எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். நடக்கும்போது காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடுவது இந்தச் சதைதான். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு அது ஓய்ந்துவிடுகிறது, காலும் கனத்துப்போகிறது. நள்ளிரவில் குரக்குவலி பிடித்துக் கத்துகிறவருக்கு மட்டும் முதலில் சதையை அமுக்காதீர்கள். காலை நீட்டச் சொல்லி, விரல்களை அவர் முகத்தை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். சதை விட்டுக்கொடுத்த பிறகு தேய்க்கலாம்.

ஒரு காலுக்குப் பத்து நிமிஷம். அவ்வளவுதான். முடிந்ததும் பாதத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் எழவிட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எண்ணெய்க் காலோடு நடந்தால் நேராக எலும்பு டாக்டரிடம் போய் நிற்கலாம்.

பிடிப்பதற்கு முன் பார்ப்பது

மேலே சொன்னதில் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்னால் வெளிச்சத்தில் காலைப் பார்க்க வேண்டும்.

உலக மருத்துவ நூல்களில் எங்கள் பக்கத்து மதுரைக்கு ஓர் இடம் உண்டு, பெருமைப்படும்படியான இடமில்லை. ‘மதுராப் பாதம்.’ வெறுங்காலில் முள் குத்தி, மண்ணிலிருக்கும் பூஞ்சையோ நுண்ணுயிரோ உள்ளே போய், வருஷக்கணக்கில் வலியில்லாமல் பாதம் வீங்கி, துளைவிட்டுச் சீழோடு குருணை குருணையாக வெளியே வரும் நோய். 1842-இல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற வெள்ளைக்கார மருத்துவர் அதை எழுதி வைத்தார். அதற்குப் பிறகு மெக்சிகோவிலும் சூடானிலும் வந்தால்கூட அதன் பெயர் மதுராப் பாதம்தான். கருவேல முள்ளும் வெறுங்காலும் உள்ள ஊர்க்காரர்கள் நாம். பாதத்தில் வலியில்லாத கட்டி, ஆறாத துளை இருந்தால் தேய்த்துக் கரைக்கப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அதைவிட இன்று பெரிய பயம் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று தெரிந்தது. பல வருஷச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு “சூடே இல்லையேப்பா” என்பார்கள். தோல் உரிந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு வெந்நீர் முக்குவது வேண்டவே வேண்டாம். விரலிடுக்கில் எண்ணெய் விடக் கூடாது. காலாணியை பிளேடால் செதுக்கக் கூடாது. புண் ஏதும் இல்லையென்றால் மெதுவாகத் தடவிவிடலாம். தடவும்போதே உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். வயதானவர்களுக்குத் தங்கள் உள்ளங்காலைத் தாங்களே குனிந்து பார்க்க முடிவதில்லை. வேறு யாராவதுதான் பார்க்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாக, வலியோடு இருந்தால் கையே வைக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அமுக்கினால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து. நரம்புச் சுருட்டு இருக்கும் இடத்தில் அழுத்தக் கூடாது. காய்ச்சல்காரருக்கும் வேண்டாம். கர்ப்பிணிக்கு மெல்லத் தடவலாம், ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

உள்ளங்காலின் கலர்ப் படத்தை மாட்டி, இங்கே கல்லீரல், இங்கே சிறுநீரகம், இங்கே கண் என்று புள்ளி வைத்திருக்கும் கடைகள் இப்போது நகரங்களில் நிறைய. ஏதோ பழைய சீன ஓலைச்சுவடி மாதிரி காட்டுவார்கள். அந்த வரைபடத்தின் மூலம் அமெரிக்கா. ஃபிட்ஜெரால்ட் என்ற மருத்துவர் 1917-இல் உடம்பை மண்டலங்களாகப் பிரித்துப் புத்தகம் போட்டார். அடுத்த இருபது வருஷத்தில் யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி அதை உள்ளங்காலுக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரலை அமுக்கினால் தலைவலி போகும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, பத்து நிமிஷம் சும்மா படுத்திருந்தாலே பாதித் தலைவலி போய்விடும். சிறுநீரகக் கல்லுக்கு உள்ளங்காலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிற கால் அமுக்கும் மெஷின்கள் வேறு. நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி, பீரோவுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கின்றன. “நல்லாத்தான் அமுக்குது. ஆனா எங்க வலிக்குதுன்னு கேக்க மாட்டேங்குதே” என்றார் ஓர் ஆச்சி.

கதவைச் சாத்திக்கொண்டு

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற வழியில், பத்துக் கிலோமீட்டருக்குள் திருக்கோஷ்டியூர். ராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு தடவை இங்கே நடந்து வந்தார், குருவான திருக்கோஷ்டியூர் நம்பி பதினேழு தடவை திருப்பி அனுப்பினார், பதினெட்டாவது தடவைதான் மந்திரம் கிடைத்தது என்பது குருபரம்பரைக் கதை. ஒரு வழிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மந்திரத்தை அவர் ஊருக்கே உரக்கச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பதினேழு தடவை வெறுங்கையோடு திரும்பி நடந்த அந்தக் காலைப் பற்றித்தான் நினைப்பு ஓடுகிறது. வழியில் யாராவது எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

அதே கோயில் விமானத்தின் முதல் தளத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். பள்ளிகொண்ட பெருமாள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காலண்டர் படம். பாம்புப் படுக்கை, நீட்டிய கால், காலடியில் உட்கார்ந்து பிடித்துவிடும் லட்சுமி. எத்தனை வீட்டு முகப்பில் இந்தப் படம் தொங்குகிறது! தாயாருக்குக் கால் வலித்தால் யார் பிடித்துவிடுவார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்பத்தாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் தெருவிலேயே கிடைத்தது, போன வருஷம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். பேச்சுவாக்கில் சொன்னார், ராத்திரி தினமும் வீட்டம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறாராம். ஆறு வருஷமாகிறதாம். சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“கதவச் சாத்திட்டுத்தான். மருமக பாத்துருச்சுன்னா அவளுக்கு ஒரு மாதிரி ஆயிரும்.”

யாருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும், மருமகளுக்கா, அவர் மனைவிக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். என் மனைவியின் உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரி நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு போய் முக்காலியைப் போட்டேன். “என்ன இது புதுப் பழக்கம்? பேசாமப் படுங்க” என்று காலை இழுத்துக்கொண்டாள். அந்த மெக்கானிக் பையன் செய்த மாதிரியே கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஒரு விளம்பரம் முடிந்து இன்னொன்று வந்தது. அப்புறம் ஒரு கால் வந்தது.

குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. கரண்டைக்கு மேலே ஒரு பழைய தழும்பு, வெந்த மாதிரி. எப்போது என்று கேட்டேன். பெரியவன் பிறந்த வருஷம், குக்கர் வெந்நீர் கொட்டியது என்றாள். வலித்ததா என்று முப்பது வருஷம் கழித்துக் கேட்பது எனக்கே கேவலமாக இருந்ததால் கேட்கவில்லை. கட்டைவிரலைக் குதிகாலில் வைத்து மெதுவாக மேலே ஏறினேன்.

“காலைல பால்காரன் வந்தா ரெண்டு லிட்டரு வாங்கணும், நாளைக்கு வெள்ளிக்…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள். இன்னொரு காலை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கையில் எண்ணெயோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.